ஐஎம்இஐயை எங்கிருந்தும் இறக்க முடியாது

ரூட் செய்த (அதாவது சிஸ்டத்தையே மாற்றும் முழு அனுமதி பெற்ற) போன்களில் பேக்கப் எடுப்பது பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். நிறைய சேர்ந்துவிட்டன.

கேள்வி: அக்கா, போனை ரூட் செய்து ஆறு மாதம் ஆகிறது. கஸ்டம் ரோம் ஒன்று, அதாவது தயாரிப்பாளர் தராத வேறு ஆண்ட்ராய்டு, ஏற்றிப் பார்க்க ஆசை. அதற்கு முன் டிடபிள்யூஆர்பி என்ற ரிக்கவரி மென்பொருளில் பேக்கப் எடுக்கப் போனால் பூட், சிஸ்டம், வென்டர், டேட்டா, இஎஃப்எஸ், பெர்சிஸ்ட் என்று பார்ட்டிஷன்களின் (சேமிப்பகத்தின் தனித்தனிப் பகுதிகளின்) பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றையும் டிக் செய்தால் 40 ஜிபி வருகிறது. என் பென்டிரைவ் 16 ஜிபிதான். எதை விடலாம்?

பதில்: சிஸ்டத்தை விட்டுவிடுங்கள் தம்பி. வென்டரையும் விட்டுவிடுங்கள். பெயரே 'சிஸ்டம்' என்று இருக்கிறதே, அதைப் போய் விடுவதா என்று யோசிப்பீர்கள். ஆனால் உங்கள் மாடலை எத்தனை லட்சம் பேர் வைத்திருந்தாலும், ஒரே வெர்ஷனில் இருக்கும்வரை எல்லோருடைய சிஸ்டம் பார்ட்டிஷனிலும் இருப்பது ஒரே சரக்குதான். தயாரிப்பாளரின் முழு ஃபர்ம்வேர் (போனின் மூல மென்பொருள்) கோப்பில் அது அப்படியே கிடைக்கும். உங்கள் போனில் இப்போது ஓடும் வெர்ஷன் எதுவோ, சரியாக அதே வெர்ஷனின் ஃபர்ம்வேரை இன்றைக்கே இறக்கிக் கணினியில் போட்டுவையுங்கள். சிஸ்டத்துக்கு அதுவே பேக்கப்.

பேக்கப் எடுக்க உட்காரும்போது நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இது தொலைந்தால் வேறு எங்காவது கிடைக்குமா? கிடைக்காதவை போனில் கொஞ்சம்தான் இருக்கின்றன. சாம்சங் என்றால் இஎஃப்எஸ். குவால்காம் சிப் போட்ட மற்ற போன்களில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி. மீடியாடெக் என்றால் என்விரேம், என்விடேட்டா, ப்ரொடெக்ட்1, ப்ரொடெக்ட்2. உங்கள் போனை மொபைல் நெட்வொர்க்குக்கு அடையாளம் காட்டும் 15 இலக்க எண்ணான ஐஎம்இஐ இவற்றில்தான் இருக்கிறது. அதோடு தொழிற்சாலையில் உங்கள் ஒரு போனுக்கென்றே அளந்து எழுதிய ரேடியோ கணக்குகளும் இருக்கும். அப்புறம் பெர்சிஸ்ட். சென்சார்களின் அளவுத் திருத்தம், பல மாடல்களில் வைஃபை, புளூடூத் முகவரி, சிலவற்றில் கட்டண வீடியோக்களைத் தெளிவாகப் பார்க்க வைக்கும் சாவிகள் எல்லாம் அதில் கிடக்கும். இத்தனையையும் சேர்த்தாலும் பெரும்பாலும் 200 எம்பியைத் தாண்டாது. உங்கள் 16 ஜிபியில் ஒரு மூலை போதும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கெடுத்துத் தெரிந்துகொண்டேன். பழகிய புதிதில் அத்தை மகன் ஒரு மீடியாடெக் போனைக் கொண்டுவந்து கொடுத்தான். லோகோவிலேயே நின்றுகொண்டிருந்தது. அந்தச் சிப்புக்கான ஃபிளாஷ் டூலில் (போனில் மென்பொருளை நேரடியாக எழுதும் புரோகிராமில்) மூன்று தேர்வுகள் வரும்: டவுன்லோடு ஒன்லி, ஃபர்ம்வேர் அப்கிரேட், ஃபார்மட் ஆல் பிளஸ் டவுன்லோடு. செய்வதைச் சுத்தமாகச் செய்வோமே என்று மூன்றாவதைத் தொட்டேன். போன் ஜம்மென்று எழுந்தது. சிம் போட்டால் டவர் இல்லை. ஐஎம்இஐயைக் காட்டும் *#06# அடித்தால் வெறும் கட்டம். என்விரேமும் சேர்ந்து துடைக்கப்பட்டுவிட்டது. அந்தப் போன் அதற்கப்புறம் மூன்று வருடம் அவன் தலைமாட்டில் அலாரம் அடித்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் குடும்ப விசேஷங்களில் "அக்கா, மணி என்ன ஆச்சு?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்பான்.

போன் வந்த பெட்டியில் ஐஎம்இஐ அச்சாகியிருக்கிறதே, அதைத் திரும்ப எழுதிக்கொண்டால் போச்சு என்று சிலர் சொல்வார்கள். எண் மட்டும்தானே பெட்டியில் இருக்கிறது? ரேடியோ கணக்குகள் இல்லையே. எண்ணைத் திரும்ப எழுதிய போன் சிக்னல் பிடிக்கத் திணறுவது உண்டு. ஐஎம்இஐயை டூல் வைத்து எழுதுவது பல நாடுகளில் குற்றமும்கூட. உங்கள் போனின் பேக்கப்பை உங்கள் போனிலேயே திரும்பப் போடுவது வேறு விஷயம்.

பூட் பார்ட்டிஷனையும் டிக் செய்யுங்கள், 64 அல்லது 96 எம்பி போல இருக்கும், பாரமில்லை. டேட்டாவில் ஒரு பொறி இருக்கிறது. டிடபிள்யூஆர்பி டேட்டா பேக்கப் எடுக்கும்போது உள் சேமிப்பகத்தை, அதாவது உங்கள் போட்டோ, வீடியோ, டவுன்லோடுகள் இருக்கும் பகுதியைச் சேர்க்காது. 'டேட்டா எடுத்தாச்சு' என்ற தெம்பில் ஃபார்மட் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களை ஏகப்பட்ட பேர் பார்த்திருக்கிறேன். போட்டோக்களைத் தனியாகக் கணினிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: மேடம், என் மாடலுக்கு டிடபிள்யூஆர்பி வரவே இல்லை. மேஜிஸ்க் என்ற ஆப் வைத்து ரூட் மட்டும் இருக்கிறது. கையால் எப்படி எடுப்பது?

பதில்: பார்ட்டிஷனை அப்படியே கோப்பாக நகலெடுக்கும் டிடி (dd) என்ற கமாண்ட் உங்கள் போனிலேயே இருக்கிறது. போனில் டெர்மக்ஸ் ஆப்பையோ, கணினியிலிருந்து கேபிள் வழியாகக் கமாண்ட் அனுப்பும் ஏடிபி ஷெல்லையோ திறந்து ரூட் அனுமதி வாங்கிக்கொண்டு, முதலில் டெவ் ஃபோல்டருக்குள் பிளாக், அதற்குள் பை-நேம் என்று போய்ப் பட்டியல் எடுங்கள். சில மாடல்களில் இடையில் பூட்டிவைஸ் என்று இன்னொரு ஃபோல்டர் வரும். அங்கே ஒவ்வொரு பார்ட்டிஷனும் பெயரோடு இருக்கும், அது எந்த எண்ணுக்குப் போகிறது என்று பக்கத்திலேயே அம்புக்குறி காட்டும். அந்தப் பட்டியலையும் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

பெயரை வைத்தே வேலை செய்யுங்கள், எண்ணை வைத்து வேண்டாம். ஒரு மாடலில் 12 என்பது பெர்சிஸ்டாக இருக்கும், இன்னொன்றில் அதே 12 போனை எழுப்பும் புரோகிராமான பூட்லோடராக இருக்கலாம். வேறு யாரோ எழுதிவைத்த கமாண்டை எண்ணோடு அப்படியே ஒட்டி போனைச் செங்கல்லாக்கியவர்கள் உண்டு.

டிடியில் ஐஎஃப் என்பது எடுக்கும் இடம், ஓஎஃப் என்பது போடும் இடம். பேக்கப்பில் பார்ட்டிஷன் ஐஎஃப் பக்கம், கோப்பு ஓஎஃப் பக்கம். மாற்றிப் போட்டால் டிடி 'நிச்சயமா?' என்றெல்லாம் கேட்காது. எழுதி முடித்துவிட்டு எத்தனை பைட் எழுதினேன் என்று பணிவாகச் சொல்லும். எண்டர் தட்டும் முன் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

குவால்காம்காரர்கள் ஒரு பெயரில் ஏமாறுவார்கள். 'மோடம்' என்றும் ஒரு பார்ட்டிஷன் இருக்கும், 'மோடம்எஸ்டி1' என்றும் இருக்கும். வெறும் மோடம் என்பது டவரோடு பேசும் மோடத்தின் ஃபர்ம்வேர், அது எல்லோருக்கும் பொது. அதை மட்டும் எடுத்துவைத்து ஐஎம்இஐ பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எடுக்கும் முன் ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள், மோடம் அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். எடுத்த கோப்புக்குப் போனிலேயே ஷா256 ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற ஒரு சரம்) போட்டு, கணினிக்கு மாற்றியபின் அங்கேயும் போட்டுப் பாருங்கள். 64 எழுத்தும் ஒத்துப்போனால் மாற்றியதில் பழுதில்லை.

கேள்வி: பூட் பார்ட்டிஷன் 64 எம்பி என்று போன் சொல்கிறது. நான் ஏடிபி வழியாக விண்டோஸ் கணினிக்கு நேராக எடுத்த கோப்பு 128 எம்பிக்கும் மேல் இருக்கிறது. கூடுதலாக என்ன வந்தது?

பதில்: நல்லவேளை, அளவைப் பார்த்தீர்கள். பவர்ஷெல்லில் 'பெரிது' குறி (>) போட்டுக் கோப்புக்குத் திருப்பிவிட்டிருப்பீர்கள், சரிதானே? விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1 அந்தக் குறியைப் பார்த்தால், வருவது எல்லாம் எழுத்து என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பைட் ஒதுக்கிவிடும். அதனால்தான் இருமடங்கு. வரி முடிவு என்று அது நினைத்த இடங்களில் எல்லாம் இன்னும் கொஞ்சம் செருகியிருக்கும், அதுதான் அந்த 'மேல்'.

அந்தக் கோப்பைத் தூக்கிப் போடுங்கள். அதை ஃபிளாஷ் செய்யாமல் இருந்தீர்களே, அதுவே பெரிது. போனுக்குள்ளேயே ஒரு கோப்பாக எடுத்து, பிறகு ஏடிபி புல் கமாண்டால் கணினிக்கு இழுங்கள். நேராகத்தான் எடுப்பேன் என்றால் ஏடிபியில் ஷெல்லுக்குப் பதில் எக்ஸெக்-அவுட் போட்டு, பவர்ஷெல்லை விட்டுப் பழைய கமாண்ட் ப்ராம்ப்டில் செய்யுங்கள்.

பூட் கோப்பு சரியா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. கோப்பின் பைட்களைக் காட்டும் ஹெக்ஸ் வியூவரில் திறந்தால் ஆண்ட்ராய்ட் என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்தில், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியோடு, முதல் எட்டு பைட்டில் நிற்க வேண்டும். உங்கள் 128 எம்பி கோப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருக்கும். சும்மா ஆசைக்குத் திறந்து பாருங்கள்.

கேள்வி: புது ரோம் போட்டபின் டவர் போய்விட்டது. உங்கள் பேச்சைக் கேட்டு மோடம்எஸ்டி பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன். உடனே ரீஸ்டோர் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய் பேஸ்பேண்ட் வெர்ஷன் (மோடம் ஃபர்ம்வேரின் வெர்ஷன்) என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

அங்கே 'அன்னோன்' என்றோ காலியாகவோ இருந்தால் மோடம் எழுந்திருக்கவே இல்லை. புது ரோமுக்கும் பழைய மோடம் ஃபர்ம்வேருக்கும் பொருந்தவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். ரோம் கேட்கும் ஃபர்ம்வேர் வெர்ஷனைப் போட்டால் டவரும் வரும், ஐஎம்இஐயும் வரும். அது எங்கேயும் போயிருக்காது, மோடம் படுத்திருந்ததால் அதைப் படித்துச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். இந்த நிலையில் பதறிப்போய் மோடம்எஸ்டியை எழுதினால், ஒழுங்காக இருந்ததையும் நாமே குலைத்ததாகிவிடும்.

பேஸ்பேண்ட் வெர்ஷன் சரியாகக் காட்டி, *#06# மட்டும் பூஜ்யமோ காலியோ காட்டினால் அப்போது பேக்கப்புக்கு வேலை வந்துவிட்டது. சாம்சங் போனில் 004999 என்று தொடங்கும் ஓர் எண் காட்டும், அதைத் தன் எண் என்று நம்பிவிடக் கூடாது, இஎஃப்எஸ் கெட்டால் வரும் பொது எண் அது.

எழுதும் முன் இப்போதைய கெட்ட நிலையையும் வேறு பெயரில் ஒரு பேக்கப் எடுங்கள். கெட்டதை எதற்கு எடுப்பது என்று கேட்பீர்கள். உங்கள் பழைய கோப்பு சரியில்லை என்று தெரியவந்தால், கிளம்பிய இடத்துக்காவது திரும்பி வரலாமே. அப்புறம் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி மூன்றையும் ஒரே நாளில் எடுத்த ஒரே கட்டிலிருந்து போடுங்கள். முதல் இரண்டும் மோடம் அன்றாடம் எழுதும் பிரதிகள், எஃப்எஸ்ஜி என்பது அவை கெட்டால் மோடம் திரும்பிப் பார்க்கும் மூலப் பிரதி. ஒன்றைப் போன வருடத்திலிருந்தும் மற்றொன்றை இந்த வருடத்திலிருந்தும் கலந்து போடாதீர்கள்.

சாம்சங்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இஎஃப்எஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளை ஃபைல் மேனேஜரில் காப்பி செய்து வைப்பது பேக்கப் ஆகாது. கோப்பு திரும்ப வரும், அதன் உரிமையாளர், அனுமதி, எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் முத்திரை எதுவும் கூட வராது. கோப்பு கண்ணெதிரே இருக்கும், மோடத்தால் திறக்க முடியாது. பார்ட்டிஷனை முழு இமேஜாக எடுங்கள்.

கேள்வி: மாதாந்திர அப்டேட் வந்ததும் ரூட் போய்விட்டது. முன்பு எடுத்துவைத்த மேஜிஸ்க் போட்ட பூட் பேக்கப்பை ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து பார்ட்டிஷனை எழுதும் வழி) ஃபிளாஷ் செய்தேன். ரூட் வந்தது, ஆனால் வைஃபை ஆன் ஆக மறுக்கிறது. பேக்கப் கெட்டுப்போயிருக்குமா அண்ணா?

பதில்: அண்ணா இல்லை, அக்கா. பேக்கப் நன்றாகத்தான் இருக்கிறது, பழையதாகிவிட்டது. பூட் பார்ட்டிஷனில் ஆண்ட்ராய்டின் மையமான கெர்னல் இருக்கிறது. வைஃபை டிரைவர் பல போன்களில் வென்டர் பக்கம் தனி மாட்யூலாக இருக்கும். அப்டேட்டில் மாட்யூல் புதிதாகிவிட்டது, நீங்கள் கெர்னலை மட்டும் பழையதாக்கிவிட்டீர்கள். இரண்டும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளவில்லை. வைஃபையோடு போயிற்றே என்று சந்தோஷப்படுங்கள், பலருக்குப் போன் எழுந்திருக்கவே செய்யாது.

இப்போது ஓடும் வெர்ஷனின் ஃபர்ம்வேரிலிருந்து பூட் இமேஜை எடுத்து, மேஜிஸ்கில் பேட்ச் செய்து ஃபிளாஷ் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பிந்தையதோடு சந்தைக்கு வந்த மாடல் என்றால் பெரும்பாலும் பூட் பார்ட்டிஷனோடு இனிட்-பூட் என்று இன்னொரு பார்ட்டிஷனும் இருக்கும், அது இருந்தால் அதைத்தான் பேட்ச் செய்ய வேண்டும். ஏ, பி என்று இரண்டு ஸ்லாட் (சிஸ்டத்தின் இரண்டு பிரதிகளுக்கான இடம்) உள்ள போனில் எந்த ஸ்லாட் ஓடுகிறது என்று ஃபாஸ்ட்பூட்டிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்டேட் ஆனதும் ஸ்லாட் மாறியிருக்கும்.

இனிமேல் பேக்கப் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பில்ட் எண்ணையும் ஸ்லாட்டையும் பெயரிலேயே சேருங்கள். 'பூட்-புதுசு', 'பூட்-புதுசு-2' என்று பெயர் வைத்த கோப்புகள் என்னிடமும் இருக்கின்றன. எது புதுசு என்று எனக்கே தெரியாது.

கேள்வி: யூசர்டேட்டா பார்ட்டிஷன் முழுவதையும் டிடியில் 110 ஜிபி கோப்பாக எடுத்தேன். ஹேஷும் சரிபார்த்தேன். போனை ஃபார்மட் செய்துவிட்டு அதைத் திரும்ப எழுதினால் போன் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. இரண்டு வருடப் போட்டோ அதில் இருக்கிறது.

பதில்: இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை, மன்னியுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் சந்தைக்கு வரும் போன்களில் ஒவ்வொரு கோப்பையும் குறியாக்கம் செய்வது கட்டாயம். அந்தச் சாவிகள் சிப்பின் பாதுகாப்புப் பகுதியோடு பிணைக்கப்பட்டவை. புதிய போன்களில் மெட்டாடேட்டா என்ற இன்னொரு பார்ட்டிஷனிலும் ஒரு சாவி இருக்கும். ஃபார்மட் செய்தபோது பழைய சாவிகள் அழிந்து புதியவை பிறந்துவிட்டன. உங்கள் 110 ஜிபி ஒரு பைட்கூடக் குறையாமல் பத்திரமாக இருக்கிறது, திறக்கும் சாவி உலகில் எங்கும் இல்லை. 'மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: டேட்டாவை இமேஜாக எடுக்க வேண்டாம், திறந்த நிலையில் கோப்புகளாக எடுங்கள். ரூட் இருப்பதால் ஸ்விஃப்ட் பேக்கப், நியோ பேக்கப் போன்ற ஆப்கள் ஒவ்வொரு ஆப்பையும் அதன் டேட்டாவோடு எடுத்துத் தரும். டிடபிள்யூஆர்பியில் எடுப்பதென்றால் முதலில் பின், பேட்டர்ன், கைரேகை பூட்டு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எடுங்கள். இல்லையென்றால் ரீஸ்டோர் ஆனபின் சரியான பின்னையே தவறு என்று சொல்லும்.

கேள்வி: நண்பன் போனும் என் மாடல்தான். அவன் ஐஎம்இஐ போய்விட்டது. என் இஎஃப்எஸ் பேக்கப்பை அவனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஒரே ஐஎம்இஐ இரண்டு போனில் இருந்தால் இருவருக்கும் வம்பு, பல நாடுகளில் வழக்கே வரும். புதிய போன்கள் பலவற்றில் அந்தச் சிப்பின் சாவியால் பூட்டியே வைத்திருக்கும், கொடுத்தாலும் வேலை செய்யாது. உதவி கேட்கும்போது அந்தக் கோப்பை முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பிவைக்கவும் வேண்டாம்.

கேள்வி: செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் ஐஎம்இஐ அழியுமா?

பதில்: அழியாது.

கேள்வி: எல்லாப் பார்ட்டிஷனையும் எடுத்து, போனிலேயே டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பத்திரமாக வைத்திருக்கிறேன். போதுமா மேடம்?

பதில்: வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியாயிற்று! டேட்டாவை ஃபார்மட் செய்தால் அந்த ஃபோல்டர்தான் முதலில் போகும். பூட்லோடரைத் திரும்பப் பூட்டினாலும் போகும், அதை மறுபடி திறந்தாலும் போகும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் கேபிளைச் செருகிக் கணினிக்கு ஒரு பிரதி, பென்டிரைவுக்கு ஒரு பிரதி மாற்றுங்கள். என் பென்டிரைவில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, போனின் மாடலும் ஐஎம்இஐயின் கடைசி நான்கு இலக்கமும் எழுதிவைத்திருக்கிறேன். ஒரே மாடலில் இரண்டு போன் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த நான்கு இலக்கம் அவசியம்.